நான் அழித்த ஒற்றையடிப் பாதை

கொல்லிமலையை நான் முதலில் பார்த்தது மேலிருந்துதான். கிள்ளானில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கணினித் திரையில். செயற்கைக்கோள் எடுத்த படத்தில் பச்சைக்கு நடுவே ஓட்டுக்கூரைகளும் தகரக்கூரைகளும் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரிந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி நாலு கோடு இழுத்து வீடு என்று குறித்தேன். தார்ச்சாலை எது, மண்சாலை எது, நடந்துபோகும் வழி எது என்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். மூன்று ஊர்களை முடித்தபோது எந்த வீட்டுக்குப் பின்னால் பெரிய மரம் நிற்கிறது, எந்தக் களம் எந்த வீட்டோடு சேர்ந்தது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அங்கே வாழும் ஒருவருடைய முகம்கூடத் தெரியாது.

இந்த வேலைக்கு நான் வந்த கதை சின்னது. சில வருடங்களுக்கு முன்பு எங்கள் குடியிருப்பில் வெள்ளம் ஏறியது. பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தோடு அவர்களுடைய மாடியில் ஒண்டிக்கொண்டேன். மறுநாள் படகில் வந்த இரண்டு மலாய்க்காரர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே எங்கள் சந்துக்குள் திரும்பினார்கள். உங்கள் சந்து வரைபடத்தில் இருக்கிறது அக்கா, பின்சந்து இல்லை, அங்கே இனிமேல்தான் தேடிப் போக வேண்டும் என்று மலாயில் சொன்னார் ஒருவர். எங்கள் சந்தை வரைந்தவர் யாரோ தன்னார்வலர், எந்த நாட்டுக்காரரோ. வெள்ளம் வடிந்ததும் பின்சந்தை நான் வரைந்தேன். அப்புறம் விடவில்லை. வாரநாட்களில் துறைமுகத்தில் சரக்குக் கப்பல்களுக்கான தாள்களைத் தயார் செய்வேன். வார இறுதியில், எங்காவது நிலம் நடுங்கினாலோ மலை சரிந்தாலோ, அந்த இடத்தின் வீடுகளையும் வழிகளையும் வரைவேன். மகள் ஆஸ்திரேலியாவுக்குப் போன பிறகு வீட்டில் எனக்கு வேறு பேச்சுத்துணையும் இல்லை.

கொல்லிமலையில் நாள்கணக்கில் மழை பெய்து சாலைகள் அறுந்தபோது, வரைபடத் தன்னார்வலர்களான எங்களை மணிலாவிலிருந்து ஒருங்கிணைக்கும் பெண் குழுவில் கேட்டார்: தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா, அங்கிருந்து வரும் குரல்செய்திகள் எங்களுக்குப் புரியவில்லை. நான் உண்டு என்றேன். அந்தச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தவர் பூங்கொடி. திண்ணனூர் நாட்டில் கிராமச் செவிலியர். மலைமேல் ‘நாடு’ என்றால் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் கூட்டம்.

அந்தச் சிற்றூர்களில் ஒன்று நெல்லிவளவு. சரிவில் மண் இறங்கி அங்கே ஒரு வீடு புதைந்துவிட்டது. ஊருக்கு வரும் மண்சாலையும் போய்விட்டது. ஊரை ஒட்டிய ஓடைப் பள்ளத்துக்கு மறுபக்கம் ஈட்டிக்காடு என்ற ஊர்வரை மட்டும் ஜீப் வரும். ஈட்டிக்காட்டிலிருந்து ஒரு மெல்லிய வெளிர்கோடு பள்ளத்துக்குள் இறங்குவதைப் படத்தில் பார்த்தேன். மரங்களுக்குள் போய் மறைந்தது. எதிர்ப்பக்கம் நெல்லிவளவுக்கு அருகில் அதேபோல் ஒரு கோடு வெளியே வந்தது. நடுவில் கொஞ்ச தூரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு முனையையும் சேர்த்து ஒரே கோடாக வரைந்துவிட்டேன்.

மீட்புக் குழுவினர் ஐந்து பேர் அந்தக் கோட்டைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு, தூக்குப் படுக்கையோடு ஈட்டிக்காட்டிலிருந்து இறங்கினார்கள். அதற்கப்புறம் பூங்கொடியின் குரல் வந்தது.

“அந்த வழியப் போட்டது யாருன்னு தெரியலீங்க. அங்க வழியே இல்லீங்க, பாறைதான் நிக்குது. ஆளுங்க திரும்பிட்டாங்க. தயவு பண்ணி அதை அழிச்சிருங்க.”

உடனே அழித்தேன். குழுவினர் மலையைச் சுற்றிக்கொண்டு நடந்து நெல்லிவளவை அடைந்தபோது மாலையாகிவிட்டது. புதைந்த வீட்டிலிருந்து ஒருவரை எடுத்தார்கள், உயிர் இல்லை என்று மட்டும் செய்தி வந்தது. எங்கள் வரைபடக் குழுவில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. மணிலாப் பெண் எல்லோருக்கும் நன்றி எழுதினார். நான் கணினியை மூடிவிட்டுத் தட்டுகளைக் கழுவினேன்.

ஒரு வருடத்துக்கு மேல் அந்த மலை என்னை விடவில்லை. அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் கைப்பேசியை எடுத்து அந்தக் கூரைகளைப் பார்ப்பேன். கோடு இருந்த இடத்தில் இப்போது வெறும் மரம். அங்கே போய் நிற்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் பத்து நாள் விடுப்பு எழுதிக்கொடுத்தேன். திருச்சியில் விமானம் இறங்கியபோது குடிநுழைவு அதிகாரி, கோயிலா கல்யாணமா என்று கேட்டார். ஒரு பாதையைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்ல முடியாமல் கோயில் என்றேன்.

மலையேறும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. கேமரன் மலைக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். அங்கே சாலை மலையை வளைத்துக்கொண்டு சாவகாசமாக ஏறும். இங்கே ஒரு வளைவு முடிந்து நிமிர்வதற்குள் அடுத்தது. பக்கத்தில் இருந்த அம்மா, சேந்தமங்கலத்தில் கட்டட வேலைக்குப் போய்வருபவர், என் முகத்தைப் பார்த்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். முகர்ந்துகொண்டே, அடுத்த வளைவில் ஒரு சின்னக் கோயில் வரும், அதையொட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும் என்றேன். வந்தது. அடிக்கடி வருவீர்களா என்று கேட்டார். இதுதான் முதல் தடவை என்றதும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

பாதி மலையில் பேருந்து நின்றது. மேலிருந்து குச்சிக்கிழங்கு மூட்டைகளோடு இறங்கிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. மரவள்ளியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் சரக்கு. எல்லோரும் இறங்கினோம். லாரி ஓட்டுநரும் பேருந்து ஓட்டுநரும் அவரவர் வண்டியில் சாய்ந்துகொண்டு, போன மழையில் இதே வளைவில் பாறை விழுந்ததைப் பற்றிப் பேசினார்கள். வழி அடைபட்ட அன்று மேலே மாட்டிக்கொண்ட பேருந்து ஓட்டுநர், நாலு நாள் யார் யாரோ வீட்டில் களி தின்று கிடந்தாராம். வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி களி கிண்டினால் தட்டைத் தள்ளிவிடுகிறாராம். லாரி ஒருவழியாகத் திரும்பியபோது கை தட்டினோம்.

செம்மேட்டில் பூங்கொடி காத்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். நீலப் புடவை, தோளில் ஊசிமருந்துப் பெட்டி. குரலை வைத்து உயரமானவர் என்று நினைத்திருந்தேன், என் தோளுக்குத்தான் வந்தார். பசியாறிவிட்டீர்களா என்று கேட்டேன். எங்கள் ஊரில் அப்படித்தான் நலம் விசாரிப்போம். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. பசி இருந்தால்தானே ஆற்றுவதற்கு என்று சொல்லி, சாலையோரக் கடையில் ஆட்டுக்கால் கிழங்கு சூப் வாங்கிக்கொடுத்தார். பெயரில்தான் ஆடு. உரோமம் மூடிய ஒரு மலைக்கிழங்கு அது. மிளகு தூக்கலாக இருந்தது. முழங்கால் வலிக்கு நல்லது என்று கடைக்காரர் உறுதி சொன்னார். என் முழங்கால் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பூங்கொடியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தேன். காபிச் செடிகளும் மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களுமாகச் சாலை போனது. பள்ளத்தில் நெல் வயல், மேட்டில் சாமை. நான் வரைந்த முதல் ஊர் வரும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தேன். அந்த ஊரை எப்போதோ தாண்டிவிட்டோம் என்றார் பூங்கொடி. எனக்குத் தெரியவே இல்லை. தரையிலிருந்து பார்த்தால் கூரை தெரிவதில்லை. சுவர் தெரிகிறது, வாசலில் முறத்தோடு ஒரு பெண் தெரிகிறார், நாய் தெரிகிறது. மேலிருந்து அவ்வளவு பழகிய இடத்தில் நான் வெறும் வெளியூர்க்காரி.

ஓர் இடத்தில் ஸ்கூட்டியின் பின்சக்கரம் காற்றிறங்கிப் போனது. பஞ்சர் ஒட்டும் கடை பின்னால் வெகுதூரத்தில் இருந்தது. வண்டியை ஒரு காபித் தோட்டத்து வேலியோடு நிறுத்திவிட்டு நடந்தோம். நடக்கும்போதுதான் சொன்னேன். அந்தப் பாதையைப் போட்டது நான், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று.

பூங்கொடி நிற்கவில்லை. நடந்துகொண்டே தன் கதையைச் சொன்னார். அவர் மலைக்காரர் இல்லை, அடிவாரத்து ஊர். அந்த மழைக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் இங்கே மாற்றலாகி வந்திருந்தார். மீட்புக் குழுவோடு அவரும் பள்ளத்தில் இறங்கியிருக்கிறார். பாறையைப் பார்த்ததும் வழி இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். ஈட்டிக்காட்டுக்காரர் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

“நீங்க போட்டீங்க, நான் அழிக்கச் சொன்னேன். ரெண்டு பேருமே அந்த ஊர்க்காரங்க இல்லீங்கக்கா” என்றார்.

இறந்தவர் பெயர் பொன்னன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மனைவி சின்னப்பொண்ணு. அன்று ரேஷன் வாங்கப் போனவர் திரும்பும்போது வீடு மண்ணுக்குள் இருந்திருக்கிறது. நாளைக்கு அவரிடம் கூட்டிப்போகிறேன், சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம் என்றார் பூங்கொடி. அன்றைக்கு அவர் மூன்று வீடுகளில் சிசுக்களை எடை போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி போட்ட குழந்தைகளை சாமி, கண்ணு என்று கொஞ்சி அழுகையை நிறுத்தினார். ஒரு வீட்டில் கேழ்வரகுக் களியும் கொள்ளு ரசமும் போட்டார்கள். பேருந்து ஓட்டுநரை நினைத்துக்கொண்டு இரண்டு உருண்டை சாப்பிட்டேன். எனக்குப் பிடித்திருந்தது.

நெல்லிவளவுக்கு மண்சாலையைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். சின்னப்பொண்ணு தம் கொழுந்தனார் வீட்டை ஒட்டிய ஓர் அறையில் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாசலில் சாக்கை விரித்து, குச்சிக்கிழங்கைத் தோல் சீவி வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தார். மலேசியாவிலிருந்து வந்திருக்கும் அக்கா, மழை நேரத்தில் நமக்கு உதவி செய்தவர் என்று பூங்கொடி என்னை அறிமுகப்படுத்தினார். உதவி என்ற சொல் என்னைக் குத்தியது.

உட்காரச் சொன்னார். அவராகவே அன்றைய நாளைப் பற்றிப் பேசினார். சுவருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளி இருந்ததாம். அதற்குள் கையை விட்டுக் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாராம். ஊரில் இருந்த ஆண்கள் மண்வெட்டியால் தோண்டத் தோண்ட மேலேயிருந்து மண் இறங்கிக்கொண்டே இருந்தது. பொன்னன் தண்ணீர் கேட்டார். துணியை நனைத்து உள்ளே கொடுத்தார்கள். உச்சி சாயும்வரைக்கும் கை பதில் சொன்னது, அப்புறம் சொல்லவில்லை என்றார் சின்னப்பொண்ணு.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த ஐந்து பேரும் ஏன் தாமதமாக வந்தார்கள் என்று சொன்னேன். கைப்பேசியில் இருந்த கோட்டைப் பற்றிச் சொன்னேன். அதை இழுத்தது இந்தக் கைதான் என்றேன். நேரே சுற்றுவழியில் நடந்திருந்தால் உச்சிக்கு முன்பே வந்திருப்பார்கள் என்றும் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. இன்னும் ஒரு கிழங்கை எடுத்துச் சீவினார்.

“வந்திருந்தா எடுத்திருப்பாங்க. எடுத்திருந்தா பொழைச்சிருப்பாரா, அது யாருக்குங்க தெரியும்” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “அங்க வழி இல்லைன்னு யாருங்க சொன்னது?”

பூங்கொடியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வழி இருந்தது என்றார் சின்னப்பொண்ணு. பாறை இரண்டு ஆள் உயரம். அதில் மர ஏணி சாத்தி, மேலே ஒரு மரத்தில் கட்டியிருந்தார்கள். இந்த ஊர்க்காரர்களும் ஈட்டிக்காட்டுக்காரர்களும் அதில்தான் போய்வந்தார்கள். அந்த மழையின் முதல் நாளே ஓடை பெருகி ஏணியை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவருடைய ஒரே மகள் செல்வியை ஈட்டிக்காட்டில்தான் கொடுத்திருக்கிறார். அரைமணி நேர நடை. இப்போது போக வேண்டுமென்றால் செம்மேடு போய் இரண்டு பேருந்து மாற வேண்டும், கடைசி பேருந்து போய்விட்டால் அன்றைக்குத் திரும்ப முடியாது, முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. பேத்தி பிறந்து நாலு மாதத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார்.

மழைக்குப் பிறகு அழிந்த வழிகளைச் சீர்செய்ய அதிகாரிகள் வந்தார்களாம். கையில் கைப்பேசி. அதில் உள்ள வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு வழியாகக் குறித்துக்கொண்டார்கள். பாறை வழியைப் பற்றி ஊரார் சொன்னபோது, அப்படி ஒன்று இதில் இல்லையே, உங்களுக்குத்தான் மண்சாலை வருகிறதே என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

வரைந்தபோது சந்தேகம் என்று ஒரு குறி போட்டிருக்கலாம். அழித்தபோதும் அழிக்காமல் உடைந்திருக்கிறது என்று குறித்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் இரண்டு தடவையும் அவசரப்பட்டிருக்கிறேன்.

“நீங்கதான் அழிச்சீங்கன்னா, திரும்பப் போட்டுக் குடுங்க” என்றார் சின்னப்பொண்ணு. கோபமாகச் சொல்லவில்லை. கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்பதைப்போலக் கேட்டார்.

அன்று பிற்பகலே அவர் முன்னால் நடக்க, நான் நடக்கும் தடத்தைக் கைப்பேசியில் பதிந்துகொண்டே பின்னால் போனேன். புல் மூடியிருந்தாலும் கால்பட்டுத் தேய்ந்த கற்கள் தெரிந்தன. திடீரென்று மரம் விலகி, எதிர்ச்சரிவில் ஈட்டிக்காடு தெரிந்தது. எனக்குத் தகரக்கூரைகள் மட்டும்தான் தெரிந்தன. “புள்ளைத் துணி காயுது, பாருங்க” என்று விரலை நீட்டினார். வெகுநேரம் தேடிய பிறகு ஒரு கொடியில் மஞ்சளாக ஏதோ அசைவதைக் கண்டேன். தினமும் கிழங்கு பிடுங்கப் போகும்போது அங்கே நின்று பார்ப்பாராம். துணி காய்ந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

பாறையின் விளிம்பில் ஏணி கட்டிய மரம் நின்றது. கயிறு இறுக்கிய தழும்பு பட்டையில் இருந்தது. அந்த இடத்துக்குக் கைப்பேசியில் ஒரு குறி வைத்தேன். கீழ்ப்பக்கத்தை ஈட்டிக்காட்டிலிருந்து நடந்து வந்துதான் பதிய வேண்டும். நாளை நானும் பூங்கொடியும் அந்தப் பக்கமாக வருகிறோம் என்றேன். செல்விக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று சின்னப்பொண்ணு துடித்தார். நெல்லிவளவில் கைப்பேசி எடுக்காது. செம்மேடு போனதும் செல்வியின் கணவரை அழைத்துச் சொன்னார் பூங்கொடி.

மறுநாள் ஈட்டிக்காட்டில் செல்வி எங்களுக்காகத் தயாராக நின்றாள். இருபத்து மூன்று வயசு. குழந்தையைத் துணியில் முதுகோடு கட்டியிருந்தாள். வேண்டாம், வழுக்கும் என்று பூங்கொடி தடுத்துப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் அவளே இறங்கிவிட்டாள். ஐந்து பேர் தூக்குப் படுக்கையோடு இறங்கிய வழி அது. நான் ஒவ்வொரு மரத்தையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். தாண்டினால் பாறை. கறுத்து, நேராக, பாசி பிடித்து நின்றது. அவர்கள் நின்ற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். நானாக இருந்தாலும் வழி இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

மேலே சின்னப்பொண்ணு வந்திருந்தார். விளிம்பில் உட்கார்ந்து, மரத்தை ஒரு கையால் பிடித்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு ஆள் உயரம். சத்தம் போட்டுப் பேச வேண்டிய தேவையே இல்லை. அவர்கள் வீட்டுக்குள் பேசுவதைப்போலத்தான் பேசினார்கள். தூங்குகிறதா, சளி விட்டுவிட்டதா, நீ சாப்பிட்டாயா. செல்வி குழந்தையை முதுகிலிருந்து அவிழ்த்து, முகம் மேலே தெரியும்படி இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் கை சோர்ந்தது. பூங்கொடி ஒரு பக்கம் தாங்கினார்.

சின்னப்பொண்ணு ஒரு பையைக் கயிற்றில் கட்டி இறக்கினார். சாமை அரிசி, மலைவாழைப்பழம், குழந்தைக்கு ஒரு சட்டை. செல்வி எடுத்துக்கொண்டு கயிற்றை விட்டாள். மேலிருப்பவர் கயிற்றை இழுக்கவில்லை. அதன் முனை எங்கள் முகத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. செல்வி திரும்பவும் அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள். நான் ஓடைப்பக்கம் திரும்பி, கைப்பேசியில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். என் மகளின் நினைப்பு வந்தது. அவளோடு வாராவாரம் திரையில் பேசுகிறேன், முகம் இவ்வளவு கிட்டத்தில் தெரியும். அடுத்த விமானத்தில் ஏறி அவளிடம் போய்விடலாமா என்று இருந்தது.

அன்று மாலை செம்மேட்டு விடுதி அறையில் உட்கார்ந்து கோட்டைத் திரும்ப வரைந்தேன். ஊகம் எதுவும் இல்லை, கால் நடந்த வழி மட்டும். பாறை இருக்கும் இடத்தில் கோட்டை உடைத்து, ஏணி தேவை, மழையில் போய்விட்டது, இரண்டு ஊர்க்காரர்களும் பயன்படுத்திய வழி என்று எழுதினேன். மறுநாள் பூங்கொடியும் சின்னப்பொண்ணுவின் கொழுந்தனாரும் நானுமாக, வழிகளைக் குறித்துப்போன அதிகாரிகளின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையான மனிதர். கைப்பேசியைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தார். போன தடவை இது இல்லையே என்றார். நான் அழித்துவிட்டிருந்தேன் என்று சொன்னேன். மலேசியாவிலிருந்தா அழித்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு ஊர்க்காரர்களும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுங்கள், பட்டியலில் சேர்க்கிறேன் என்றார்.

அது எப்படி முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்துப் பாறையில் இரும்பு ஏணி வைத்தார்கள், இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. சின்னப்பொண்ணு முழங்காலோடு எப்படி ஏறி இறங்குவார் என்று கேட்டேன். தினமும் போகிறார், சில நாள் இரண்டு தடவை என்றார் பூங்கொடி. வரைபடத்தில் உடைந்திருந்த இடத்தைச் சேர்த்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு ஏணி நினைவுக்கு வருவதில்லை. கடைசி நாள் காலைதான் வருகிறது. சொல்லிக்கொண்டு வர நெல்லிவளவுக்குப் போயிருந்தேன். சின்னப்பொண்ணு என்னைப் பழைய வீடு இருந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். மண்மேட்டில் ஆமணக்கு முளைத்து இடுப்பளவு நின்றது. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தோம். உங்கள் கைப்பேசியில் ஊரெல்லாம் தெரியுமாமே, பூங்கொடி சொன்னது என்றார். சேமித்து வைத்திருந்த படத்தைத் திறந்து காட்டினேன். ஓடையைக் காட்டினேன், கொழுந்தனார் வீட்டுக் கூரையைக் காட்டினேன். அவர் விரலால் மெல்ல நகர்த்திக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“இது என்ற ஊடுங்களே” என்றார்.

புதைந்த வீட்டின் ஓட்டுக்கூரை முழுசாக இருந்தது. முன்னால் சுத்தமான களம். இது மழைக்கு முன்பு எடுத்த படம், இன்னும் புதுப் படம் வரவில்லை, அதனால்தான் வீடு இருக்கிறது என்று தயங்கித் தயங்கி விளக்கினேன். என்ன மாதம் எடுத்தது என்று கேட்டார். கோடைகாலம் என்றேன். எந்த நேரம் என்று கேட்டார். மரங்களின் நிழலைப் பார்த்து, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்.

“அப்ப வெயிலுக்குப் பயந்துக்கிட்டு உள்ளாரதான் படுத்திருப்பாருங்க” என்றார்.

கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். செம்மேட்டுக்குப் போகும் வண்டி கீழே ஒலி எழுப்பியது. நான் எழுந்திருக்கவில்லை. திரை மங்க மங்க, விரலால் தொட்டுத் தொட்டு வெளிச்சம் போகாமல் பார்த்துக்கொண்டேன்.